ஒரே பெயரில் இரண்டு அட்டை

என் மனைவியைக் கொல்லக்கூடிய மருந்து எல்லா ஊரிலும் கிடைக்கிறது. எந்த ஆஸ்பத்திரியின் கண்ணாடி அலமாரியிலும் அது சின்னக் குப்பியில், வெள்ளைப் பொடியாக, நல்ல மருந்து என்ற பெயரோடு உட்கார்ந்திருக்கிறது. எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்த மருந்துதான். பென்சிலின். அவள் அதை வெள்ளை ஊசி என்பாள். எல்லா ஊசியும் வெள்ளையாகத்தானே இருக்கிறது என்றால், "அது ரொம்ப வெள்ளைங்க" என்பாள்.

சில வருடங்களுக்கு முன் சந்தவாசலுக்குப் பக்கத்தில், அவள் தங்கை வீட்டு நெல் அறுப்புக்காக மலையிலிருந்து இறங்கிப் போயிருந்தோம். அரிவாள் நழுவிக் கணுக்காலில் இறங்கியது. ரத்தம் நிற்கவில்லை. கடைத்தெருவில் ஒரு வயதான டாக்டர் தையல் போட்டார், ஊசியும் போட்டார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை மடித்து வாயில் வைத்தவள், "இன்னாங்க, ஒதடு அரிக்குது" என்றாள். சுண்ணாம்பு ஜாஸ்தியா தடவிட்ட, என்றேன்.

எங்களுக்குக் கிடைத்த நேரம் அவ்வளவுதான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் வேறு யாருடைய முகமாகவோ ஆனது. கண்கள் இரண்டும் வீக்கத்துக்குள் மூழ்கின. தொண்டையிலிருந்து ஒரு சத்தம், காற்று போக வழியில்லாத புல்லாங்குழலின் சத்தம். டாக்டர் செருப்பில்லாமல் ஓடி வந்தார். சேலையோடு சேர்த்துத் தொடையில் இன்னோர் ஊசியைக் குத்தினார். பிறகு நாங்கள் இரண்டு பேரும் அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது ஏறுமா, ஏறாதா. ஏறியது.

"இந்த மருந்து இனிமே இவங்க ஒடம்புல ஒரு சொட்டு போவக்கூடாது" என்று டாக்டர் ஒரு சீட்டில் சிவப்பு மையால் எழுதித் தந்தார். "எங்க போனாலும் மொதல்ல இதக் காட்டுங்க. பேரச் சொல்றதுக்கு முன்னாடி இதச் சொல்லுங்க."

அன்றிலிருந்து நான் பயந்த ஆள். வருடத்தில் இரண்டு மாதம் குடகுக்கு மிளகு பறிக்கப் போவேன். ஏணி மேல் நிற்கும்போது, கொடியில் கை வைக்கும்போது, மலையில் அவளுக்கு இப்போது ஜுரமோ, யாராவது ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோகிறார்களோ என்று தோன்றும். தோன்றினால் ஏணி ஆடும். எங்கள் பெண்கள் ஆஸ்பத்திரியில் பேசமாட்டார்கள். டாக்டர் எதைக் கேட்டாலும், மரியாதைக்கு, "ஆமாங்க." தலைவலி இருக்கா? ஆமாங்க. இல்லையா? ஆமாங்க. இந்த ஊசி போடலாமா என்று கேட்டாலும் அதே பதில்தான் வரும். அந்த ஆமாங்கவை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். ஒரு கோடை மழையில், புளி உலுக்கிக்கொண்டிருந்த மரத்தின் கீழேயே நனைந்து வந்தேன். உறையின் வாய் பிரிந்திருந்தது. உள்ளே ஒரு இளஞ்சிவப்புத் தாள். எழுத்தே இல்லை. ஒரு பூவைக் கசக்கி வைத்தது போல இருந்தது. சந்தவாசலுக்குப் போனேன். டாக்டரின் அறை பூட்டியிருந்தது. மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டாராம். பக்கத்தில் ஒரு மொபைல் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க இதுக்குப் போயி, இப்பல்லாம் எல்லாம் ஆன்லைன்ல ஏத்திக்கலாமே. பேப்பரு நனையும், அது நனையாது" என்றார்.

நனையாது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மலையேறினேன்.

எங்கள் குக்கிராமம் புதூர்நாட்டிலிருந்து ஜீப் போகும் தூரம் போய், பிறகு நடக்கும் தூரத்தில் இருக்கிறது. என் வீட்டுக்கு மேலே ஒரு வழுக்குப் பாறை. பெண்கள் சாமை காயப்போடும் பாறை. அதன் உச்சியில், கிழக்கே திரும்பி நின்றால், என் கம்பெனி சிம்முக்கு மட்டும் சிக்னல் வரும். அதனால் அதற்கு டவர் பாறை என்று பெயர். அதனாலேயே இன்னொன்றும் நடந்தது. ஊரில் யாரிடம் போன் நம்பர் கேட்டாலும் என் நம்பரைத்தான் சொல்வார்கள். ரேஷன் கார்டில், பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரிச் சீட்டில், எல்லாவற்றிலும் நான்தான். யாருக்கு எது வந்தாலும் என் பையில்தான் அதிரும்.

முதலில் ஏற்றிய ஆப் முழுக்க இங்கிலீஷ். வழுக்கும் பாறையில் காலை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகத் தடவித் தடவிப் போனேன். எடை கேட்டது. உயரம் கேட்டது. தினமும் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று கேட்டது. அவளுக்கு ஆகாத மருந்தை எங்கே எழுதுவது என்று மட்டும் கடைசி வரைக்கும் காட்டவில்லை. மறுநாள் பலாப்பழத்தைச் சுமந்துகொண்டு ஜீப் நிற்கும் இடத்துக்கு நடந்தேன். பையில் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தால், நன்றாக நடந்தீர்கள் என்று கை தட்டுகிறது. மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எனக்கு மருந்து எழுதச் சொன்னா, அது ஒங்க காலு எண்ணிகினு கெடக்குது."

இரண்டாவது ஆப் தமிழ் பேசியது. மையழிந்த சீட்டைப் படமெடுத்து ஏற்றி, கீழே கைப்பட எழுதினேன். மருந்தின் பெயர், நடந்தது, முகம் வீங்கியது, எல்லாம். எழுத எழுத நெஞ்சு லேசானது. இரண்டு நாள் கழித்து என் போனில் அரிப்புக் களிம்பு விளம்பரம். அடுத்த நாள், வீக்கம் குறைக்கும் எண்ணெய். அதற்கடுத்த நாள் ஒரு பெண் குரல். "சார், உங்க ஃபேமிலில யாருக்காவது அலர்ஜி பிராப்ளம் இருக்குங்களா?" பாறையின் மேல் தனியாக நிற்கிறேன். சுற்றிலும் காடு. கேட்டது யாரென்று தெரியாது. என் வீட்டுக்குள் நடந்த ஒன்றை, நான் பாறையிடம் சொல்வது போலச் சொன்ன ஒன்றை, யாரோ ஒட்டுக் கேட்டிருக்கிறார்கள். குரலைத் துண்டித்தேன். ஆப்பையும் அழித்தேன். அழித்தால் மட்டும் போகுமா? சொல்லிவிட்ட சொல் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறதோ.

மூன்றாவது எங்கள் ஊருக்கே வந்தது. பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். இரண்டு பெண்கள் லேப்டாப்போடு வந்து, ஆளுக்கொரு ஆரோக்கிய அட்டை போட்டுத் தந்தார்கள். அட்டையில் கறுப்புக் கட்டங்களால் ஆன ஒரு சதுரம். அதைப் போனால் பார்த்தால் அவசரப் பக்கம் ஒன்று திறக்குமாம். ரத்த வகை, நோய், ஆகாத மருந்து. "மயங்கிக் கெடந்தாக்கூட அட்டை பேசுங்க" என்றாள் ஒருத்தி. மயங்கிக் கிடந்தாலும் பேசும். குடகில் ஏணி மேல் நிற்கும் எனக்கு வேறென்ன வேண்டும்?

எல்லோரும் வழக்கம்போல என் நம்பரைச் சொன்னார்கள். பிறந்த தேதி கேட்டபோது ஆதாரை நீட்டினார்கள். எங்கள் ஊரில் எல்லோருக்கும் பிறந்த நாள் ஜனவரி ஒன்று. யாருக்கும் தேதி தெரியாது என்று ஆதார் எடுக்க வந்தவர்கள் மொத்தமாக அதையே போட்டுவிட்டார்கள். வருடமும் குத்துமதிப்புதான். என் மனைவியும் என் அண்ணன் மனைவியும் ஆதார் எடுத்த அன்று சேர்ந்து வரிசையில் நின்றதால், "ரெண்டு பேரும் ஒரே வூட்டு மருமவளுங்கதான், ஒரே வயசு போடு" என்று பக்கத்திலிருந்த யாரோ சொல்ல, பத்து வயது மூத்த அண்ணி ஒரு நொடியில் இளமையானாள். பெயரும் இருவருக்கும் ஒன்றே. மலைச்சாமியின் பெயர். ஊரில் பாதிப் பெண்களுக்கு அதுதான். அண்ணன் பெயருக்கும் என் பெயருக்கும் முதலெழுத்து ஒன்று என்பதால் இனிஷியலும் ஒன்று. வீட்டில் யாரும் பெயர் சொல்வதில்லை. அண்ணி பெரியவள், இவள் சின்னவள். அதனால் எங்களுக்குக் குழப்பம் வந்ததே கிடையாது.

இருவர் அட்டைகளும் வந்தன. கறுப்பு வெள்ளை பிரின்ட். முகம் இருக்கவேண்டிய இடத்தில் கரிப்பிடித்த சட்டியின் அடி மாதிரி ஒரு கறுப்பு, அதில் மூக்குத்திப் புள்ளி. கீழே ஒரு நீள எண். அது மட்டும்தான் வேறு வேறு.

மறுநாள் பாறைக்கு ஏறினேன். ஆப்பைத் திறந்தால் என் நம்பருக்குக் கீழே ஊரே வரிசையாக நின்றது. படம் இல்லை, வட்டத்துக்குள் ஒவ்வொருவரின் முதலெழுத்து. நான் பார்க்கக்கூடாத கதவுகள் அத்தனையும் பூட்டில்லாமல் என் கட்டைவிரலுக்குக் கீழே. கூச்சமாக இருந்தது. வேகமாகத் தள்ளிக்கொண்டே போனேன். அந்தப் பெயர் வந்தது. உடனே அடுத்ததாக அதே பெயர் மறுபடியும். முதலில் வந்தது இவள்தான் என்று எப்படி முடிவு செய்தேன்? யோசிக்கவே இல்லை. எனக்கு இவள்தான் முதல். திறந்து, ஆகாத மருந்து உண்டா என்ற இடத்தில் ஆம் அழுத்தி, பென்சிலின் என்று எழுதினேன். கண்ணீர் வந்தது. பாறையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

கீழேயிருந்து அண்ணன் கத்தினார். "டேய், அப்டியே ஒங்க அண்ணிக்கும் போட்டு வுட்ரு!"

இரண்டாவது பெயரைத் திறந்தேன். ஆகாத மருந்து உண்டா? ஆம், இல்லை. இரண்டில் ஒன்றை அழுத்தாமல் அடுத்த பக்கம் போகவிடவில்லை. பேட்டரி சிவப்பில் இருந்தது. இல்லை என்று அழுத்தினேன்.

இரண்டு அட்டைகளையும் சேர்த்து, ரப்பர் பேண்டு போட்டு, எங்கள் வீட்டுக் கேழ்வரகு டப்பாவில் வைத்தேன். அந்த வருடம் குடகில் நிம்மதியாகத் தூங்கினேன்.

திரும்பி வந்து, போன மாசியில், புளி மூட்டைகளோடு செங்கம் போயிருந்தேன். மண்டி வாசலில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது எங்கள் ஜீப் டிரைவர் கூப்பிட்டார். "அண்ணா, பதறாத. சின்னண்ணிக்குக் கால்ல காரமுள்ளு குத்தி சீழ் வெச்சிருக்குது. ராத்திரியிலேர்ந்து ஜுரம். நினைவு தப்பித் தப்பிப் போவுது. பெரியண்ணி கூட வர்றாங்க. கீழ திருப்பத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துகினு போறேன்."

"அட்டை?"

"அட்டை எடுத்துகினாங்க, அதெல்லாம் எடுத்துகினாங்க. வளைவு வருது, வெச்சிட்றேன்."

காலில் சீழ். ஜுரம். கண்டிப்பாக ஊசி. எந்த ஊசி என்று எனக்குத் தெரியும். ஆனால் அட்டை இருக்கிறது, மயங்கிக் கிடந்தாலும் பேசும் அட்டை. அதை ஒரு முறை கண்ணால் பார்த்துவிடலாம் என்று ஆப்பைத் திறந்தேன். செங்கத்தில் சிக்னலுக்கு என்ன குறை, பக்கம் பட்டென்று விரிந்தது. ஆகாத மருந்து, பென்சிலின். அப்பாடா. அதற்குக் கீழே நான் எழுதாத ஒரு வரி புதிதாக ஏறியிருந்தது. கண் பரிசோதனை முகாம். இடது கண்ணில் புரை.

இவளுக்குக் கண்ணில் என்ன? ஊசியில் நூல் கோத்துத் தருகிற கண். முகாமில் கைரேகை வைத்துப் பதிந்தது யார்? பெரியவள். அண்ணி. கண் மருத்துவ வண்டி வந்த அன்று கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சினிமா நடிகை மாதிரி இருக்கிறேனா என்று ஊரையே கேட்டுக்கொண்டு நடந்தவள்.

டீ கிளாஸ் எப்போது கையிலிருந்து விழுந்தது என்று தெரியவில்லை. அதே பெயரின் இன்னொரு பக்கத்தைத் திறந்தேன். அதுதான் என் மனைவியின் பக்கம். ஆகாத மருந்து: இல்லை.

வெற்றிடமாக இருந்திருந்தாலாவது யாராவது ஒரு வார்த்தை கேட்பார்கள். இல்லை என்று இருந்தால் எதற்குக் கேட்பார்கள்? நான் எழுதியது. என் கட்டைவிரலால், பேட்டரி போகிறதே என்று, நானே எழுதியது.

டிரைவரைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி. வெளியே. மறுபடி. மலைப்பாதையின் வளைவுகளை விரலால் எண்ணினேன், எல்லாவற்றையும் இறங்கி முடித்திருப்பார்களோ என்று. அண்ணியிடம் போன் கிடையாது. எந்த ஆஸ்பத்திரி வார்டு, எந்த நம்பர், ஒன்றும் தெரியாது. திருப்பத்தூர் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடி ஏறினேன். மூட்டைகளை அப்படியே விட்டுவிட்டேன்.

பஸ்ஸில் நின்றுகொண்டே திருத்த ஆரம்பித்தேன். முதலில் இவள் பக்கம். இல்லையை அழித்து ஆம். பென்சிலின். விரல் தப்புத் தப்பாய் விழுந்தது. அழித்து அழித்து எழுதினேன். ஒரு எண் வந்தது, அடித்தேன். மாற்றம் சேமிக்கப்பட்டது. பக்கத்தில் நின்ற பெரியவர், "இன்னாப்பா, பரீட்சை ரிசல்ட்டா?" என்றார். தலையை ஆட்டினேன். அடுத்து அண்ணி பக்கம். தப்பாக எழுதியதை எடுக்க வேண்டும். எடுத்தேன், இல்லை அழுத்தினேன், எண்ணையும் அடித்தேன். அந்த நேரம் பார்த்துப் பஸ் காட்டுப் பக்கம் திரும்பியது. திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றியது. அது நின்றால் என்ன, நிற்காவிட்டால் என்ன என்று போனைப் பையில் போட்டேன். இவள் பக்கம் சரியாகிவிட்டது. அட்டையைக் காட்டினால் இனி உண்மை பேசும். ஆனால் எனக்கு முன்னாலேயே காட்டியிருந்தால்? பஸ் போட்ட ஒவ்வொரு பிரேக்கிலும் அவள் உதடு அரிப்பதாகத் தோன்றியது. இன்னாங்க, ஒதடு அரிக்குது. ஜன்னல் கம்பி அதையே சொன்னது.

ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டைக் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு மாடி தப்பாக ஏறி இறங்கினேன். வாசலில் அண்ணி, கறுப்புக் கண்ணாடியோடு, கால் நீட்டி உட்கார்ந்து பன்னைத் தின்றுகொண்டிருந்தாள். பன் தின்கிறாள். அப்படியானால்.

"வாங்க கொழுந்தனாரே. புளி வித்துதா?"

நான் உள்ளே ஓடினேன். கட்டிலில் அவள். கால் கட்டுப் போட்டிருந்தது. கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. முகம் அவள் முகமாகவே இருந்தது. நெஞ்சைப் பார்த்தேன். ஏறியது. இறங்கியது. ஏறியது.

நர்ஸம்மா என்னைப் பார்த்தார். "நீங்கதான் வூட்டுக்காரரா? நல்ல வேளைங்க, அட்டை எடுத்தாந்தாங்க. நான் அந்த ஊசியத்தான் கையில வெச்சிருந்தேன். ஸ்கேன் பண்ணா, பென்சிலின் ஆவாதுன்னு வருது. டாக்டர்கிட்ட சொல்லி வேற மருந்து போட்டோம். நீங்க ஏத்தி வெச்சதா? நீங்கதாங்க காப்பாத்தினீங்க."

பஸ்ஸில் நின்றபடி நான் திருத்தியது வேலை செய்துவிட்டது. அப்படித்தான் நினைத்தேன். மலையிறங்கி வந்த வெள்ளம் போல நிம்மதி வந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "எத்தினி மணிக்குங்க ஸ்கேன் பண்ணீங்க?" என்று, அந்த இனிமையை இன்னொரு தரம் கேட்பதற்காகவே, கேட்டேன்.

"பத்தரை இருக்கும். வந்ததுமே."

பத்தரைக்கு நான் செங்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். டிரைவர் என்னைக் கூப்பிட்டது எப்போது? ஜீப் மலை இறங்கத் தொடங்கியபோது, மணி ஒன்பதுகூட ஆகவில்லை. நான் பஸ் ஏறியது பதினொன்றுக்கு. டிரைவர் வைத்த பிறகு இரண்டு மணி நேரம் சும்மா டீக்கடையில் நின்றிருந்தேனா? ஆம். அட்டை இருக்கிறது என்று, கணக்கு முடித்துவிட்டுப் போகலாம் என்று, நிம்மதியாக நின்றிருந்தேன். இரண்டாவது டீயின்போதுதான் ஆப்பைத் திறந்தேன். டிரைவர் அதற்குள் இவர்களை இறக்கிவிட்டு மறுபடி மலையேறியிருப்பார். டிரைவர் வைத்த உடனே திறந்ததாக மேலே எழுதிவிட்டேன். மனசு அப்படித்தான் அதை எனக்காகச் சுருக்கி வைத்திருக்கிறது. சுருக்காமல் சொன்னால் இதுதான்.

அப்படியானால் பத்தரைக்கு ஆப்பில் இவள் பக்கம் 'இல்லை' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அட்டை எப்படி ஆம் என்றது?

தலைமாட்டில் இருந்த அட்டையை எடுத்தேன். கரிச்சட்டி முகம், மூக்குத்திப் புள்ளி. நீள எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் போனோடு ஒத்துப் பார்த்தேன். இவளுடையது இல்லை. அண்ணியுடையது. கேழ்வரகு டப்பாவில் கையை விட்ட அண்ணிக்கு எந்த அட்டை கிடைத்ததோ அதை எடுத்து வந்திருக்கிறாள். நான் அட்டைகளில் ஒரு தப்பு செய்து வைத்திருந்தேன். எழுத்துத் தெரியாத அவள் அதற்குச் சரியாக இன்னொரு தப்பு செய்து இவளைக் காப்பாற்றியிருக்கிறாள்.

அந்த நேரம் என் கையில் இருந்த போன் அதிர்ந்தது. ஆஸ்பத்திரியில் நல்ல சிக்னல். காட்டுப் பக்கம் சுற்ற ஆரம்பித்த வட்டம், என் கண்ணெதிரே, நின்றது. அண்ணியின் பக்கம். ஆகாத மருந்து: இல்லை. மாற்றம் சேமிக்கப்பட்டது.

என் கையிலிருந்த அட்டை அந்த நொடியில் பேச்சை மாற்றிக்கொண்டது. சாயங்கால ஊசிக்கு வேறொரு நர்ஸ் வந்து இந்த அட்டையைப் பார்த்தால்? ஸ்கேன் பண்ணினால்?

"சிஸ்டர்!" என்று நான் போட்ட சத்தத்தில் மூன்று கட்டில் தள்ளியிருந்த குழந்தை அழுதது. "பேப்பர்ல எழுதுங்க. செவப்பு மையில எழுதுங்க. கேஸ் ஷீட்ல எழுதுங்க."

"எழுதியாச்சுங்க. இதோ பாருங்க."

எழுதியிருந்தார். சிவப்பு மையில், கொட்டை எழுத்தில், கீழே இரண்டு கோடு இழுத்து. நான் அந்தக் காகிதத்தைத் தொட்டுப் பார்த்தேன். மை காய்ந்திருந்தது. என் மனைவி கண் திறந்தாள்.

"இன்னாங்க, ஏன் கத்தறீங்க? எனக்குத்தான் ஒடம்பு சரியில்ல. நீங்க ஏன் வேத்துக் கொட்டறீங்க?"

"அவரு அட்டையிலேர்ந்து சாமி எறங்கி வந்ததப் பாத்துட்டாரு" என்றாள் வாசலிலிருந்து அண்ணி, பன்னை மென்றபடி.

என் மனைவி வீடு திரும்பி, கால் ஊன்றி நடக்க ஆரம்பித்த பிறகு, இரண்டு அட்டைகளையும் பிரித்தேன். அவளுடையதில் ஓட்டை போட்டு, கறுப்புக் கயிறு கோத்து, தாலிச்சரடு போலக் கழுத்தில் போட்டுக்கொள் என்றேன். "செத்தவங்க கால்ல கட்டற சீட்டு மாதிரி இருக்குது" என்றாள். இருந்தாலும் போட்டுக்கொண்டாள். சிவப்பு மையில் அட்டையின் பின்னாலும் எழுதி, அதன் மேல் செல்லோடேப் ஒட்டினேன். நனையாது என்று யாராவது சொன்னால் இப்போது எனக்குச் சிரிப்பு வருகிறது.

மிச்சம் அண்ணியின் அட்டை. அவள் பக்கத்தில் இல்லை என்று இருந்தது. நான் பஸ்ஸில் அவசரமாக அழுத்திய இல்லை. ஒருநாள் அவளையே பாறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சாமை காய்ந்துகொண்டிருந்தது. ஓரமாகக் கால் வைத்து ஏறினோம்.

"அண்ணி, ஒங்களுக்கு ஏதாவது ஊசி, மாத்திரை ஒத்துக்காம போயிருக்குதா?"

"எனக்கு எவன் ஊசி போட்டான்? நாலு புள்ளையும் வூட்லயே பெத்தேன். கண்ணுக்குப் போட்ட சொட்டு மருந்துதான் எனக்கு மொத மருந்து."

"அப்போ தெரியாதுன்னு போடணும். அதுல தெரியாதுன்னு கெடையாது. ஆமா, இல்ல, ரெண்டுதான்."

"இருக்குதுன்னு போட்டு வுடுங்க. சின்னவளுக்கு இருக்கற மாதிரியே எனக்கும் இருக்கட்டும். ஒரு வூட்டு மருமவளுங்க தானே."

"நாளைக்கு ஒங்களுக்கு அந்த ஊசிதான் உசுரக் காப்பாத்தணும்னு வந்தா, போடாம வுட்ருவாங்களே அண்ணி."

அவள் யோசித்தாள். கறுப்புக் கண்ணாடிக்குள் கண் எங்கே பார்க்கிறது என்று தெரியவில்லை. "அப்போ இல்லன்னே இருக்கட்டும்" என்றாள். "இல்லன்னா இல்லதானே?"

இல்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை, இதுவரை பார்க்கவில்லை என்று அர்த்தம். சந்தவாசலில் அந்தப் பெஞ்சில் உட்காரும் நொடி வரை என் மனைவிக்கும் இல்லைதான். இதை அண்ணிக்கு எப்படிச் சொல்வது? முதல் ஊசியா, மூன்றாவது ஊசியா, எந்த ஊசியில் உடம்பு முறுக்கிக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்? பக்கத்தைத் திறந்தேன். இல்லை என்பது பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அதை அப்படியே விட்டு, சேமி என்பதை மறுபடி ஒருமுறை அழுத்தினேன். இந்த முறை தெரிந்தே அழுத்தினேன்.

"போட்டுட்டீங்களா?"

"போட்டுட்டேன்."

"அப்போ எனக்கு ஒண்ணும் இல்ல" என்று அட்டையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, பாட்டு ஒன்றை முனகியபடி அண்ணி இறங்கத் தொடங்கினாள். ஒரு கண்ணால் பார்த்து இறங்குகிறவள். பாறையில் சாமை இறைந்திருந்தது, மணல் போல உருளும். இத்தனை வருடம் ஒருத்தியின் மூச்சை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"பாத்து அண்ணி, பாத்து. கால அழுத்தி வெச்சு எறங்குங்க" என்று கத்திக்கொண்டே, போனைப் பையில் போட்டுவிட்டு அவள் பின்னாலேயே இறங்கினேன்.